கெய்ரோவின் கயாமிய்யா கடைவீதி

வாங்குவதற்கு மட்டும் என்றால் எந்தத் துணிக்கடையும் போதும். விற்கும் பொருள் உருவாவதையும் நாம் கண்ணால் காணக்கூடிய கடைகள் சிலவே. கெய்ரோவின் கயாமிய்யா வீதிக் கடைகள் அத்தகையவை.

பழைய நகரின் தெற்கு வாயிலான பாப் ஸுவைலாவைக் கடந்தால், கூரை வேய்ந்த அந்த வீதி தொடங்கும். 1650-ஆம் ஆண்டளவில் அதைக் கட்டியவர் ரித்வான் பே. எகிப்தின் ஹஜ் பயணக் குழுவுக்குப் பல்லாண்டு தலைமை தாங்கியவர். அரபியில் 'கைமா' என்றால் கூடாரம். வீதியின் பெயர் அதிலிருந்தே வந்தது. அன்று கூடாரங்களின் உட்புறத்தை அழகுபடுத்திய அதே தையற்கலை, இன்று சுவர்த் திரைகளாகவும் படுக்கை விரிப்புகளாகவும் தலையணை உறைகளாகவும் தொடர்கிறது.

காகிதத்தில் வரைந்த கோலத்தின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, மேலே கரித்தூளைத் தேய்த்து, கனத்த பருத்தித் துணியில் பதிக்கிறார்கள். பிறகு வண்ணத் துணிகளைக் கத்தரித்து, விளிம்பை உள்ளே மடித்து, நுண்ணிய தையலால் அதன்மேல் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் ஆண்களே செய்யும் இவ்வேலையைக் கடையிலேயே அமர்ந்து செய்வதைக் காணலாம்.

இன்று இதே கோலங்களை இயந்திரத்தில் அச்சிட்ட மலிவுத் துணிகள் ரமலான் அலங்காரத்துக்கென விற்பனைக்கு வருகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடுவோம். விரலால் தடவினால் கைவேலையில் மடிப்பு தட்டுப்படும், அச்சுத் துணியில் ஒன்றும் இராது. பேரம் பேசுமுன் அந்த மடிப்பை ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். கூலி கட்டுப்படியாகாத தொழிலைப் பிள்ளைகள் தொடரமாட்டார்கள். உழைத்தவருக்கு உரியதைக் கொடுத்தே வாங்குவோம்.