சிறைக்கு மாற்று: சென்னையில் பாதிக்கப்பட்டவருக்கு இருந்த இடம்

குடித்துவிட்டுக் கார் ஓட்டி, நடந்து போனவர்கள் மீது மோதிய இளைஞர் ஒருவருக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. நிபந்தனை, இரண்டு வாரம் அடையாறு சிக்னலில் நின்று குடிபோதையில் வண்டி ஓட்டுவதற்கு எதிரான துண்டறிக்கை கொடுக்க வேண்டும். விசாரணைக் கைதியாக அடைபட்டுக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் துண்டறிக்கை போய்ச் சேர்வது சிக்னலில் நிற்பவர்களிடம்தான், அடிபட்டவர்களிடம் அல்ல. சிறைக்கு மாற்றுத் தேடிய சென்னையின் வரலாறு நெடுகிலும் இந்த விடுபடலைக் காண்கிறேன்.

தொடக்கம் பெருமைக்குரியது. 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அடுத்து, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட வழிசெய்யும் சென்னை மாகாணக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1937இன் 3ஆம் சட்டமாக வந்தது. நாடு முழுமைக்குமான சட்டத்துக்கு 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நன்னடத்தை அலுவலர் குற்றவாளியின் வீடு, தொழில், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தருவார். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இழப்பீட்டுக்கும் வழிசெய்தது. இருந்தும், பறிகொடுத்தவர் இழப்பீடு பெறுபவராக மட்டுமே நின்றார், பேசுபவராக அல்ல.

1974இல் கனடாவின் எல்மைரா என்னும் சிற்றூரில், 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை அவர்களின் வீட்டு வாசலுக்கே அழைத்துப் போனவரும் ஒரு நன்னடத்தை அலுவலர்தான். குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேருக்கு நேர் பேசவைக்கும் மறுசீரமைப்பு நீதி இயக்கம் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது இந்நிகழ்வை. அதே பதவி சென்னையில் அதற்கு முன்பே இருந்தது. அந்த நடை மட்டும் இங்கே நடக்கவில்லை.

மக்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? அவர்கள் புழங்கும் சொற்களே சான்று. தி. நகர் ரங்கநாதன் தெருவில் பிடிபடும் ஜேப்படிக்காரருக்குக் கிடைப்பது ‘தர்ம அடி’. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ காவல் நிலையத்துக்குப் போனால் ‘சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) போட்டாச்சு, எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாம்’ என்ற பேச்சு. பணமும் ஆள்பலமும் நடுவில் உட்கார்ந்தால் அது ‘கட்டப் பஞ்சாயத்து’. சமாதானத்தை மக்கள் வெறுக்கிறார்கள் என்று இதை வாசிப்பது பிழை. பலம் உள்ளவன் நடத்தும் சமாதானத்தைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அது 2015இல் கண்ணெதிரே உறுதிப்பட்டது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே முன்னோடி. குடும்ப வழக்கிலும் பண வழக்கிலும் பலருக்கு ஆறுதல் தந்தது. அந்தச் சமரச வழிக்கே 2015 ஜூனில், கடலூர் மாவட்டப் பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்று அனுப்பப்பட்டது. தண்டனை பெற்றவருக்கு அதற்காக ஜாமீனும் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 1 அன்று அறுதியிட்டுச் சொன்னது. அந்த மாதமே உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இதற்கு நேர்மாறான காட்சியும் தமிழ்நாட்டில் உண்டு. 2008 மார்ச் 19 அன்று பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்குப் போய், தன் தந்தை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்தார். எந்த நீதிமன்றமும் சொல்லி அல்ல, தானாக. தந்தையை இழந்தவர் கேட்க நினைத்ததைக் கேட்கப் போன சந்திப்பு அது. யார் முதலடி வைத்தார் என்பதில்தான் இவ்விரண்டுக்குமான தூரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையைத் தண்டனை வகைகளுள் ஒன்றாக்கியிருக்கிறது. திருட்டுக்கான பிரிவில் அதற்கு, ரூ. 5,000க்கும் குறைவான திருட்டு, முதல்முறைத் தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கிடைத்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ரங்கநாதன் தெருவில் மணிபர்ஸைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அது திரும்பக் கிடைக்கும். எடுத்தவர் ஊருக்குப் பயன்படும் கூலியில்லா வேலை ஒன்றைச் செய்வார். அது என்ன வேலை என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும் வரி மட்டும் அந்தப் பிரிவில் இல்லை.