தொகைச்சொல்: அசைப்பிரிப்பும் அழுத்தமும்

இரு சொற்கள் கூடி ஒரு சொல்லாகும்போது அவற்றின் எல்லை செவிக்குப் புலப்படும் வகை மொழிக்கு மொழி வேறுபடும். ஸ்பானிய மொழியில் பின்மொழியின் அழுத்தமே தொகை முழுவதற்கும் தலைமை பெறுகிறது. பாதங்களைக் குறிக்கும் 'பியெஸ்' தனித்து நிற்கையில் அழுத்தக்குறி பெறாதது, பூரானைக் குறிக்கும் 'சியெம்பியெஸ்' என்னும் தொகையில் அக்குறியைத் தாங்குகிறது.

தமிழில் சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. எனினும், எழுத்து ஒன்றாயிருந்து பொருள் வேறாகும் புணர்ச்சி இசையால் வேறுபடும் என்று தொல்காப்பியர் புணரியலில் விதித்தார். அதற்கு உரைகாரர் இளம்பூரணர் காட்டிய 'செம்பொன்பதின்தொடி', செம்பொன் பத்துத் தொடியென்றும் செம்பு ஒன்பது தொடியென்றும் இருவகையாகப் பிரியும். பொன் கேட்டவனுக்குச் செம்பு கிடைக்கும் விபரீதத்தை உச்சாரணம் ஒன்றே தடுக்கும்! 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஒலிவேறுபாடுகளை நன்னூலிற் குறித்தார். ஆயினும் அவற்றைத் தொகைச்சொல்லோடு விரிவாக இணைத்து ஆராயும் மரபு வளரவில்லை.

காரணம், எல்லைகாக்கும் பணியைத் தமிழ் பெரும்பாலும் வலிமிகுதலுக்கே ஒப்படைத்துவிட்டது என்பது எமது கருத்து. இதற்கு இலங்கையின் ஹட்டன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வழக்கு சிறந்த சான்றாகும். விடியற்காலையில் தொழிலாளர் பெயர்பதிந்து வேலைக்குப் பிரிக்கப்படும் இடம் 'பெரட்டுக்களம்'. ஆங்கிலத்தில் ஈற்றசையில் அழுத்தம் பெறும் 'பரேட்', தமிழ்நாவில் வன்றொடர்க் குற்றியலுகரமாகிப் 'பெரட்டு' என நின்று, வருமொழிக் ககரத்தை இரட்டிக்கச் செய்கிறது. அவ்வொற்று இல்லையேல் யாப்பு முறைப்படி 'பெரட்/டுக/ளம்' என்று அசை பிரிந்து களம் என்னும் சொல் இரண்டாக வெட்டுண்ணும். ஒற்று மிகவே 'பெரட்/டுக்/களம்' என அசையெல்லையும் சொல்லெல்லையும் ஒன்றுபடுகின்றன. 'கொழுந்துக்கூடை'யிலும் இதே நிகழ்ச்சி.

இன்னும் விசேஷமானது, தொழிலாளரின் வரிசைவீட்டு அறையைக் குறிக்கும் 'லயக்காம்பரா'. முன்னதாகிய 'லயம்' ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு, பின்னது போர்த்துக்கீசிய 'காமரா'வின் வழிவந்தது; இரண்டும் அந்நியமாயினும், மரம் கிளையோடு சேர்ந்து மரக்கிளையாவது போலவே மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து, பொருத்துமிடம் முற்றும் தமிழாகிவிட்டது. போர்த்துக்கீசியச் சொல்லின் முதலசை அழுத்தம் தமிழில் 'கா' என்னும் நெடிலின் வாயிலாகவே உணரப்படுகிறது.

நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவரப்படும் 'கொழுந்துமடுவ'த்தில் வருமொழி மெல்லினமாதலின் ஒற்று மிக இடமில்லை. ஒரே சொல்லாகக் கொண்டு அலகிட்டால் 'கொழுந்/தும/டுவம்' என அசை எல்லைகடந்து ஓடுகிறது. அங்கே சொல்லைப் பிரித்தறியப் பொருளே துணை.