300 பாகத்துக்குக் கீழே ஒண்ணும் இல்லையா?

இன்னைக்கு ஒரு கோட்டைப் பத்திப் பேசப்போறோம். கடலுக்குள்ள, ஆழத்துல, ஒருத்தர் மனசால போட்ட கோடு. "இதுக்குக் கீழே உயிரே கிடையாது" என்று அந்தக் கோடு சொன்னது. அது தப்பு. ஆனா அந்தத் தப்பை நிரூபிக்கக் கிளம்பின கப்பல்களால்தான் ஆழ்கடல் உயிரியல் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. டால்ஃபின், பவளம் பார்த்து ஆசைப்பட்டு மெரைன் பயாலஜி படிக்க நினைக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்ல விரும்புற கதை இதுதான்.

ஒரு அளவை மட்டும் முதலில் சொல்லிடறேன். நம்ம கரையோர மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். ஆங்கிலேய மாலுமிகளிடமும் இதே மாதிரி அளவு இருந்தது. அதை ஃபேதம் என்றார்கள். 6 அடி, அதாவது கிட்டத்தட்ட 1.83 மீட்டர். நான் பாகம் என்றே சொல்றேன்.

சரி, கதைக்கு வருவோம். 1841. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இளைஞர், பீக்கன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போகிறார். கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவில் இருக்கிற கடல் அது. அவர் கையில் இருந்த கருவி ரொம்ப எளிமையானது. இரும்புச் சட்டத்தில் ஒரு பை, அதில் ஒரு நீளமான கயிறு. கடலடியில் போட்டு இழுத்தால் அங்கே இருப்பதை வாரிக்கொண்டு வரும். சிப்பி எடுக்கிறவர்கள் பயன்படுத்திய சாமான்தான்.

அதை வெவ்வேறு ஆழங்களில் இழுத்து, எந்த ஆழத்தில் என்ன வாழுதுன்னு குறிச்சுக்கிட்டே போனார். அந்தக் காலத்தில் இது புதுசு. கடலை மேலிருந்து கீழாக எட்டு அடுக்குகளாகப் பிரித்தார். கீழே போகப் போக இனங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அவர் இழுத்த அதிகபட்ச ஆழம் சுமார் 230 பாகம். அந்தக் குறையும் வேகத்தை அப்படியே நீட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 300 பாகத்தில், அதாவது 550 மீட்டரில், உயிர் பூஜ்யமாகிவிடும் என்று மதிப்பிட்டார்.

யோசிச்சுப் பாருங்க, கேட்க நியாயமாத்தானே இருக்கு? கீழே வெளிச்சம் இல்லை. குளிர். தலைக்கு மேலே பயங்கர அழுத்தம். அங்கே எது வாழும்? பலர் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஃபோர்ப்ஸ் எங்கே சறுக்கினார் என்பது இப்போ நமக்குத் தெரியும். மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி சத்து குறைந்த தண்ணீர். மேலே மிதவை உயிர்கள் குறைவு, அதனால் கீழே விழும் உணவும் குறைவு. உலகத்தின் ஏழைக் கடல்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாக் கடலுக்கும் கணக்குப் போட்டுவிட்டார். பையின் வாயும் சின்னது. பைக்குள் வராதது கடலிலேயே இல்லை என்று ஆகிவிட்டது.

இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம், எதிர்ச் சான்று அதற்கு முன்பே இருந்தது. 1818-ல் ஜான் ராஸ் என்ற கப்பல் தலைவர், கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்கக் கயிறு விட்டார். 300 பாகத்துக்கும் வெகு ஆழத்திலிருந்து கயிறு மேலே வந்தபோது, அதில் கிளை கிளையாகக் கைகள் கொண்ட ஒரு நட்சத்திர உயிரி சிக்கியிருந்தது. யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கலை.

1860-ல் இன்னொரு சான்று. கல்கத்தாவில் பிறந்த ஜார்ஜ் வாலிச் என்ற மருத்துவர், புல்டாக் என்ற கப்பலில் வட அட்லாண்டிக்கில் இருந்தார. தந்திக் கேபிள் போட வழி பார்க்கப் போன கப்பல். 1,260 பாகம் விட்ட கயிற்றில் 13 நொறுங்கு நட்சத்திர மீன்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. உடனே எதிர்வாதம் வந்தது: "கயிறு மேலே வரும்போது நடுத்தண்ணீரில் தொத்திக்கொண்டிருக்கும்." வாலிச் அவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே கடலடிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளின் ஓடுகள். கீழேதான் சாப்பிட்டிருக்கின்றன! அப்பவும் பலர் நம்பவில்லை.

அதே 1860-ல், சார்டினியா தீவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் பழுதான ஒரு தந்திக் கேபிளை மேலே இழுத்தார்கள். சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த பகுதிகளில் பவளங்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. நட்சத்திர மீன் தொத்தலாம். பவளம் தொத்துமா? அது அங்கேயே உட்கார்ந்து வளர்ந்தால்தான் உண்டு. இந்தச் சான்றைத் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த கட்டத்தில் வருகிறவர் வைவில் தாம்சன், ஸ்காட்லாந்துக்காரர். நார்வேயில் மைக்கேல் சார்ஸ் என்பவரும் அவர் மகனும் 300 பாகத்துக்குக் கீழிருந்து உயிர்களை எடுத்திருப்பதை அவர் நேரில் போய்ப் பார்த்தார். அதில் ஒன்று தண்டோடு நிற்கும் கடல் அல்லி. அதன் உறவுகள் புதைபடிவமாகத்தான் பெரும்பாலும் தெரிந்தவை. 'அழிஞ்சுபோச்சு'ன்னு நினைச்சது கீழே உயிரோட இருக்குன்னா, வேற என்னெல்லாம் இருக்கும்?

தாம்சனும் அவர் நண்பர் கார்ப்பென்டரும் சேர்ந்து கடற்படையிடம் கப்பல் கேட்டார்கள். 1868-ல் லைட்னிங் என்ற பழைய, ஒழுகுகிற நீராவிக் கப்பல் கிடைத்தது. மோசமான வானிலையிலும் 600 பாகத்துக்குக் கீழே உயிர் எடுத்தார்கள். அடுத்த வருஷம் போர்குபைன் என்ற கப்பலில் 2,435 பாகம், கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர். அங்கேயும் உயிர். ஃபோர்ப்ஸின் கோடு முடிந்தது.

அதற்கு அப்புறம்தான் சேலஞ்சர். போர்க்கப்பல். பெரும்பாலான பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். 1872 டிசம்பரில் கிளம்பி 1876 மே மாதம் திரும்பியது. 68,890 கடல் மைல், 362 ஆய்வு நிலையங்கள், சுமார் 240 பேர். அதில் விஞ்ஞானக் குழு, ஓவியரையும் சேர்த்து, வெறும் 6 பேர்.

மத்தவங்களுக்கு அது சாகசம்னு நினைக்காதீங்க. ஆழத்தில் ஒருமுறை பையை இறக்கி ஏற்றவே ஒரு நாள் முழுக்க ஆகலாம். மேலே வந்ததில் பாதி சேறு. பலர் துறைமுகங்களில் இறங்கி ஓடிவிட்டார்கள். ஜோசப் மாட்கின் என்ற 19 வயசுப் பையன், உக்ராண உதவியாளர், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. விஞ்ஞானிகள் எழுதாத கப்பல் வாழ்க்கை அதில்தான் தெரிகிறது. ருடால்ஃப் வில்லெமோஸ்-சூம் என்ற ஜெர்மானிய இளம் விஞ்ஞானி 28 வயதில் கப்பலிலேயே இறந்தார். பசிபிக்கில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

1875 மார்ச் 23 அன்று மேற்குப் பசிபிக்கில் விட்ட கயிறு 4,475 பாகம் இறங்கியது. 8 கிலோமீட்டருக்கும் மேல். உலகத்திலேயே ஆழமான இடம் அந்தப் பக்கம்தான் என்பது பிறகு தெரிந்தது. அதற்கு இன்று சேலஞ்சர் பள்ளம் என்றே பெயர். பயணத்தின் அறிக்கை 50 தொகுதிகள். சுமார் 4,700 புதிய இனங்கள். 1882-ல் தாம்சன் இறந்துபோக, ஜான் மர்ரே அந்த வேலையை 1895-ல் முடித்தார். மூன்றரை வருஷப் பயணத்துக்குப் பதினெட்டு பத்தொன்பது வருஷ மேசை வேலை. இந்தத் துறையில் இறங்க நினைக்கிறவங்க இந்தக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கணும்.

சேலஞ்சர் வங்காள விரிகுடா பக்கம் வரவே இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்தது, 1881-ல் பம்பாய்க் கப்பல் தளத்தில் கட்டிய இன்வெஸ்டிகேட்டர். அதில் மருத்துவராகவும் உயிரியலாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், நம்ம கடல்களின் ஆழ்கடல் மீன்களையும் நண்டு, இறால்களையும் விவரித்தார்.

இப்போ இந்தப் பழங்கதை ஏன்? 1873 பிப்ரவரியில், கேனரி தீவுகளுக்குத் தென்மேற்கே, சேலஞ்சரின் பையில் கறுப்பாக உருளைக்கிழங்கு மாதிரி கட்டிகள் வந்தன. மாங்கனீஸ் முடிச்சுகள். பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சிலவற்றின் நடுவில் சுறாப் பல் இருந்தது. அன்றைக்கு அது ஒரு விநோதம். இன்றைக்கு அதில் இருக்கிற நிக்கல், கோபால்ட், தாமிரத்துக்காக நாடுகள் வரிசையில் நிற்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இந்தக் கட்டிகளை ஆராய இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கி வருகிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாதம் கேட்கும்: "அங்கே என்ன இருக்கு, வெறும் சேறும் கல்லும்தானே?" எனக்கு உடனே 300 பாகம்தான் ஞாபகம் வரும். இதே மாதிரிக் கட்டிகள் கிடக்கும் பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், 2023-ல் வந்த ஒரு ஆய்வு 5,500-க்கும் மேற்பட்ட இனங்களைக் கணக்கிட்டது. ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு இன்னும் அறிவியல் பெயர் இல்லை. அந்தக் கட்டிகளையே பிடித்துக்கொண்டு வளரும் உயிர்களும் உண்டு. கட்டியை எடுத்தால் அவற்றின் வீடும் போகும். அது மறுபடி வளர நாம் காத்திருக்க முடியாது.

ஃபோர்ப்ஸ்மேல எனக்குக் கோபமே கிடையாது. அவர் தெளிவா ஒரு எண்ணைச் சொன்னார். அதனால்தான் மத்தவங்களால கயிறு விட்டுச் சோதிக்க முடிந்தது. ஆழ்கடலை ஆராய்வதுதான் மிச்சமிருக்கும் பெரிய வேலை என்று அவரே எழுதியும் இருந்தார். அதைப் பார்க்க அவர் இல்லை. 1854-ல், 39 வயதில் இறந்துவிட்டார். எடின்பரோவில் அவர் இருந்த அதே பேராசிரியர் பதவிக்கு 1870-ல் வந்தவர் வைவில் தாம்சன். அந்தப் பதவியில் இருந்துகொண்டுதான் சேலஞ்சரில் ஏறினார்.

அவங்க தப்பைத் திருத்த 27 வருஷம் ஆச்சு. அதனால கடலுக்கு ஒரு நஷ்டமும் வரலை, ஏன்னா அந்தக் காலத்துல அங்கே போய்த் தோண்ட யாராலும் முடியாது. இப்போ முடியும். அதனால முதல்ல கீழே என்ன இருக்குன்னு பார்த்துப் பேர் வைக்கிற ஆட்கள் வேணும். கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல சிலர் அந்த வேலைக்கு வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.