செட்டிநாட்டு வீடு: கட்டுமான நிலைகளும் பங்குரிமையும் (1850–1942)

ஆய்வுச் சுருக்கம்

நகரத்தார் வீடுகள் பெரும்பாலும் அவற்றின் அழகுக்காகவும் செல்வச் செழிப்புக்காகவும் பேசப்படுகின்றன. அவை எந்த வரிசையில் கட்டப்பட்டன, அந்த வரிசையை எவை தீர்மானித்தன என்னும் வினாக்கள் குறைந்த கவனத்தையே பெற்றுள்ளன. மனை தெரிதல், வளவு எழுப்புதல், முகப்பும் மாடியும் சேர்த்தல் என்னும் மூன்று நிலைகளில் செட்டிநாட்டு வீட்டின் கட்டுமானத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டின் அடிப்படை வடிவத்தைக் குடும்பப் பங்குரிமையும், அதன் விரிவைக் கடல்கடந்த வணிகத்தின் போக்கும் நிர்ணயித்தன என்பதும், அதே பங்குரிமை இன்று வீடுகளின் பாதுகாப்பைச் சிக்கலாக்குகிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, நகரத்தார், வளவு, புள்ளி, பர்மா, பங்குரிமை

முன்னுரை

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாடு முன்பு 96 ஊர்களைக் கொண்டிருந்தது என்பது நகரத்தார் மரபு. இன்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் எஞ்சியுள்ளன. இவ்வூர்த் தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்வீடுகளைப் பற்றிய எழுத்துகள் இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்கு என்று பொருள்களைப் பட்டியலிடுகின்றன. முடிந்து நிற்கும் வீட்டை நோக்கும் இப்பார்வையில், அது பல கட்டங்களாக வளர்ந்தது என்னும் உண்மை மறைந்துவிடுகிறது. கட்டியவரின் குடும்ப அமைப்பையும் வணிக நிலையையும் அந்தக் கட்டங்களின் வழியே அறியலாம்.

வணிகப் பின்புலம்

1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தையை உருவாக்கின. ஐராவதி ஆற்றுப்படுகையில் காடழித்துக் கழனி திருத்திய உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. அக்கடனை வழங்கியவர்களில் நகரத்தார் முதன்மையானவர்கள். இலங்கை, மலாயா ஆகிய நாடுகளிலும் அவர்களது வட்டிக்கடைகள் இயங்கின. முதலாளி ஊரில் இருக்க, ஏஜெண்டுகள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அயல்நாட்டுக் கடைகளை நடத்தித் திரும்புவது வழக்கமாக இருந்தது. ஒப்பந்த முடிவில் கணக்குத் தீர்த்தபோது வந்த ஆதாயத்தின் ஒரு பகுதி ஊரில் கோயில் திருப்பணிக்கும் வீட்டுக்கும் சென்றது. கட்டுமானப் பணிகள் இடைவிட்டு நடந்தமைக்கு இந்தக் கணக்குச் சுழற்சியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

முதல் நிலை: மனையும் திட்டமும்

செட்டிநாட்டு மனை அகலத்தைவிட நீளம் மிகுந்தது. பல வீடுகளில் தலைவாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் பகுதிகள் அமைவதற்கு இந்நீளமே வாய்ப்பளித்தது. அறைகளின் நீள அகலங்களை முடிவு செய்வதில் மனையடி சாத்திரம் பின்பற்றப்பட்டது. நல்ல நாள் பார்த்து மனை கோலுதல், வானம் தோண்டிக் கடைக்கால் இடுதல் ஆகியவை தொடக்கப் பணிகள்.

திட்டத்தின் மையம் வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதனையொட்டி வரிசையாக அறைகளும் அமைந்த பகுதி இது. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உரியது. நகரத்தார் வழக்கில் திருமணமான ஆண் ஒரு 'புள்ளி' ஆகிறான். கோயில் வரி புள்ளிக் கணக்கில் வாங்கப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தபோதும் மணமான மகன்களின் குடும்பங்கள் தனித்தனியே சமைத்து உண்ணும் வழக்கம் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இவ்வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே வீட்டைக் கட்டத் தொடங்கியவர் அன்றைய குடும்பத்தை மட்டுமன்றி வரவிருக்கும் புள்ளிகளையும் கருத்தில் கொண்டே வளவின் அளவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. பொதுவாகக் கூட்டுக்குடும்ப வீடு என்று அழைக்கப்படும் இக்கட்டடம், உண்மையில் பிரிவினையை முன்கூட்டியே உள்ளடக்கிய வீடாகும்.

இரண்டாம் நிலை: வளவு எழுப்புதல்

செங்கல்லும் அப்பகுதியில் கிடைக்கும் செம்பூரான் கல்லும் கட்டுமானத்துக்குப் பயன்பட்டன. தெருமட்டத்திலிருந்து வீட்டுத்தளம் உயர்த்தப்பட்டதால் மழைநீர் உள்ளே புகவில்லை. கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் சேர்க்கப்பட்டது. மிகுதி நீர் வடிகால் வழியாக வெளியேறியது. ஊருணிகளை நம்பி வாழ்ந்த வறண்ட நிலப்பகுதிக்கு இவ்வமைப்பு இன்றியமையாதது.

சுவர்ப்பூச்சே மிகுந்த காலமும் உழைப்பும் வேண்டிய பணி. நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்தனர். பல அடுக்குகளாகப் பூசிய பின், இறுதிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். ஓரடுக்கு உரிய பதத்தில் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச இயலும். பணம் இருந்தாலும் விரைவுபடுத்த முடியாத நிலை இது.

நிலைவாசல் நிறுத்துதல் தனிச் சடங்காக நடந்தது. கஜலட்சுமி உருவம் செதுக்கிய தேக்கு நிலைகள் குடும்பத்தின் தகுதியை அறிவித்தன. திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டை இருப்புப்பாதை 1929இலும், புதுக்கோட்டை–மானாமதுரை இருப்புப்பாதை 1930இலும் திறக்கப்பட்டன. காரைக்குடி வட்டாரத்தின் பெருவீடுகளில் மிகப் பல அதற்கு முன்பே எழுந்துவிட்டன. கப்பலில் வந்த தேக்குத் தூண்களின் கடைசிப் பயணம் மாட்டுவண்டியையே நம்பியிருந்தது என்பது இதனால் புலனாகும்.

மூன்றாம் நிலை: முகப்பும் மாடியும்

பல வீடுகளில் வளவின் மேல் நாட்டு ஓட்டுக் கூரையும், முன்பகுதியின் மேல் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டை மாடியும் காணப்படுகின்றன. இப்பொருள் வேறுபாடு காலவேறுபாட்டைச் சுட்டும் சான்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விருந்தினரை வரவேற்கும் கூடம், உணவுக் கூடம், மாடி அறைகள் ஆகியவை விரிவடைந்தன. கானாடுகாத்தானில் 1912இல் நிறைவுற்ற செட்டிநாடு அரண்மனை இப்போக்கின் உச்சம்.

தரைப்பணி இறுதியில் வந்தது. அயல்நாட்டு ஓடுகளுக்கும் சலவைக்கல்லுக்கும் இணையாக ஆத்தங்குடியில் உள்ளூர்த் தொழில் வளர்ந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கும் இவ்வோடு சூளையில் சுடப்படுவதில்லை. பளபளப்பு கண்ணாடியின் பரப்பிலிருந்து கிடைக்கிறது.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வளவு புள்ளிகளுக்கெனப் பிரிக்கப்பட்ட இடம். முகப்பும் கூடங்களும் பிரிக்கப்படாத பொது இடம். வணிகச் செல்வம் பெருகியபோது விரிவும் அலங்காரமும் பெற்றது பெரும்பாலும் பொது இடமே. வளவு பங்குமுறைக்குக் கட்டுப்பட்டிருந்தது. முகப்போ அக்கால வணிக வாழ்வுக்கு ஏற்ப மாற்றங்களை ஏற்றது.

கட்டுமானம் ஓய்ந்த காலம்

1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அரிசி விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு மாறின. கீழைப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடானது. வெளித்தோற்றத்தில் இது வளர்ச்சி. உண்மையில் பணமாகச் சுழன்ற முதல் நிலத்தில் முடங்கியது. நிலமிழந்த பர்மியரின் துயரமும் சினமும் இதன் மறுபக்கம். செட்டிநாட்டு மாடங்களின் வரலாற்றை எழுதுவோர் அதனைக் கடந்து செல்ல இயலாது. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஆதாயமும் தேக்கும் வந்த வழி அடைபட்டது.

பங்குரிமையும் பாதுகாப்பும்

வீடு வளர்வது நின்ற பின்னும் புள்ளிகள் பெருகின. தலைமுறைதோறும் பங்குகள் பிரிந்ததால், ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்காளிகள் உரிமையாளராக இருக்கும் நிலை தோன்றியது. அவர்கள் பல நகரங்களிலும் நாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணம் முதலிய சடங்குகளுக்காகத் திறக்கப்படும் வீட்டின் கூரையைச் செப்பனிட அனைவரின் இசைவும் பணமும் தேவை. இசைவு கூடாதபோது வீட்டைப் பிரித்து விற்பதே எளிய தீர்வாகிறது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூண்களும் நிலைகளும் தனித்தனியே விலைபோகின்றன. தூணும் நிலையும் வேறு வீட்டுக்குப் போகலாம். எந்தப் பகுதி எதற்குப் பின் கட்டப்பட்டது என்னும் சான்று அவற்றுடன் செல்வதில்லை.

முடிவுரை

செட்டிநாட்டு வீட்டின் வளவு பங்குரிமையின் வடிவம். முகப்பும் மாடியும் வணிக ஆதாயத்தின் வடிவம். முன்னது முதலில் திட்டமிடப்பட்டது. பின்னது வருவாய்க்கேற்ப விரிந்தது. இன்று பயணிகளை ஈர்ப்பதும் விடுதிகளாக மாற்றப்படும்போது முதலில் செப்பம் பெறுவதும் முகப்பே. வீட்டின் பொருளை விளக்கும் வளவு புறக்கணிக்கப்பட்டால் எஞ்சுவது அலங்காரம் மட்டுமே. எனவே கட்டடங்களை அளந்து பதிவு செய்வதோடு, ஒவ்வொரு வீட்டின் கட்டுமான வரிசையும், குடும்பங்களிடம் எஞ்சியுள்ள கணக்கேடுகளும் பாகப்பிரிவினைப் பத்திரங்களும் ஒருசேர ஆவணப்படுத்தப்பட வேண்டும். பங்காளிகள் ஒருமித்து முடிவெடுக்க ஏற்ற பொது அறக்கட்டளை போன்ற உரிமை வடிவங்களை ஆராய்வதும் உடனடித் தேவை.