எட்டாம் வகுப்புப் போட்டோவை ஏன் நீக்கினேன்?



போன ஞாயிற்றுக்கிழமை போட்ட 1987ஆம் வருஷத்து எட்டாம் வகுப்புக் குரூப் போட்டோவை இரண்டே நாளில் நீக்கிவிட்டேன். "ஏன் டீச்சர் தூக்கிட்டீங்க? நான் இன்னும் சேவ் பண்ணலையே" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். அந்தப் படத்தில் இருக்கிற ஒரு பிள்ளை தனியாகச் செய்தி அனுப்பி, எடுத்துவிடச் சொன்னாள். காரணம் நான் கேட்கவில்லை. பதில் இவ்வளவுதான். ஆனால் எதையும் இரண்டு வரியில் முடிக்கத் தெரியாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். சமூக அறிவியல் பீரியடு மாதிரி கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

நம்ம பத்தமடையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தபால் மூன்று விதமாக வரும். கார்டு, இன்லேண்டு, கவர். கார்டு என்றால் எழுதியவர், தபால்காரர், தெருவில் எழுத்துத் தெரிந்த இரண்டு பேர் எல்லோரும் வாசித்த பிறகுதான் நம் கைக்கு வரும். "உங்க மதினிக்குப் பிள்ளை பிறந்திருக்காம்" என்று தபால்காரரே வாசலில் இருந்து சத்தம் கொடுப்பார். யாரும் கோபப்பட மாட்டார்கள். சொல்லக்கூடாத விஷயம் என்றால் கூடுதல் காசு கொடுத்து இன்லேண்டு வாங்கி, சோற்றுப் பருக்கையை வைத்து இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டி அனுப்புவார்கள். எது ஊருக்கு, எது நமக்கு என்று பாய் முடைகிற ஆச்சிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஒட்டின கடிதத்தைப் பிரிக்க அதிகாரம் உள்ள ஒருவரும் எப்போதும் இருந்தார். அவர் அரசாங்கம். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களைச் சொல்லித் தந்தியை நிறுத்தவும் பார்க்கவும் அனுமதித்தது. 1898ஆம் வருஷத்துத் தபால் சட்டம் கடிதங்களுக்கும் அதையே செய்தது. 1885இல் எட்டயபுரத்தில் சுப்பையாவுக்கு வயது மூன்று. பின்னால் பாரதியார் ஆன அந்தப் பிள்ளைக்கு இந்தச் சட்டங்களோடு வாழ்நாள் முழுக்க வேலை இருந்தது.

1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நடத்தாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அதே வருஷம் சென்னையில் பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தபோது உள்ளே போனவர் பாரதியார் இல்லை. சட்டப்படி ஆசிரியர் என்று பெயர் பதிவாகியிருந்த சீனிவாசன். எழுதியது ஒருவர், மாட்டிக்கொண்டது இன்னொருவர். இப்போது குரூப் அட்மினாக இருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும்!

பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் அங்கே போனது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரக்கூடாது என்று தடை போட்டார்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்க, அங்கே அச்சடித்து என்ன பயன்? 1910இல் பத்திரிகை நின்றுவிட்டது. அச்சகத்தில் யாரும் கை வைக்கவில்லை. தபால் வழியை மட்டும் அடைத்தார்கள். பத்து வருஷம் அவருக்கு வருகிற போகிற கடிதங்கள் மேல் ரகசியப் போலீசின் கண் இருந்தது.

1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கடலூர் பக்கம் பிடித்தார்கள். டிசம்பர் 14ஆம் தேதி விட்டார்கள், நிபந்தனையோடு. திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும், எதை வெளியிடுவதானாலும் ரகசியப் போலீஸ் துறையின் மேலதிகாரியிடம் முதலில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் வந்து தங்கியது செல்லம்மாளின் ஊரான கடையத்தில். நமக்கு எவ்வளவு தூரம்? சேரன்மகாதேவியில் ரயில் ஏறினால் அம்பாசமுத்திரம் தாண்டிக் கீழக்கடையம். (இப்போது தென்காசி மாவட்டம் என்கிறார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) இந்த ஆற்றுப் படுகையில்தான், தமிழில் அத்தனை எழுதிய மனிதர் தன் எழுத்தைப் போலீசிடம் காட்ட வேண்டிய நிலையில் இருந்தார். 1920 கடைசியில்தான் மறுபடியும் சுதேசமித்திரனுக்குப் போனார், அடுத்த செப்டம்பரில் இறந்தும்விட்டார். 1928இல் அவருடைய பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. இறந்து ஏழு வருஷம் ஆன மனிதரைக் கண்டும் பயம். சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேச வேண்டியிருந்தது.

சுதந்திரம் வந்தது, அந்தச் சட்டங்கள் அப்படியே இருந்தன. தபாலும் தந்தியும் போய் போன் வந்தது, போன் போய் நெட் வந்தது. பாரதியார் அடைக்கலம் தேடிப் போன அதே புதுச்சேரியில், 2012 அக்டோபரில், ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காக ஒருவரைக் காலையில் வீட்டிலேயே வந்து கைது செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதி ரத்து செய்தது.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். 2017 அக்டோபர் 23ஆம் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, தீக்கு இரையானது. அதைப் பற்றி கார்ட்டூனிஸ்ட் பாலா ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டார். நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் கைது, மறுநாள் நெல்லை கோர்ட்டில் ஜாமீன். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கைது செய்யாமல் இருந்திருந்தால் அது என் போனுக்கு வந்தே இருக்காது. கைதுக்குப் பிறகு ஏழு குரூப்பில் வந்தது.

அடுத்த வருஷம் 2018. மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் 23ஆம் தேதி காலையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது, போனில் மார்க் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்த அரசு உத்தரவு போட்டது. வதந்தி பரவக்கூடாது என்பது காரணம். எந்தச் சட்டம் என்று பிறகு தேடிப் பார்த்தேன். 2017இல் எழுதிய விதிகள். அந்த விதிகளுக்கு அதிகாரம் கொடுத்தது, அதே 1885 தந்திச் சட்டம்!

எனக்கு அது வேலையில் கடைசி வாரம். மாதக் கடைசியில் ஓய்வு. போன் கால் மட்டும் போகும். அது நோன்பு மாதம். எங்கள் பக்கத்து வீட்டில் நோன்பு திறந்ததும் சவூதியில் இருந்து மகன் நெட்டில் பேசுவான், பேரப்பிள்ளை முகத்தைக் காட்டுவார்கள். அந்த நாட்களில் அந்த அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வதந்தி நின்றதா என்றால், பஸ்ஸில் வந்தது, டீக்கடையில் வந்தது, ஒவ்வொரு வாய்க்கும் சாவு எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. சரிபார்க்கத்தான் வழி இல்லை.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. "நல்லதுக்குத்தானே செய்திருப்பார்கள்" என்று நானே சொன்னேன். சொன்ன கையோடு ஒரு மேஜை டிராயர் ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதச் சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டேன். "பேர், ஊர், வருஷம் மூணும் இல்லாம எழுதுங்க டீச்சர்" என்றாள்.

பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் கொஞ்ச காலம் உதவிக்கு இருந்தேன். பிள்ளைகளுக்கு வருகிற கடிதத்தைப் பிரித்து வாசித்து, பென்சிலில் ஒரு டிக் அடித்து, ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். அது அங்கே விதி. தப்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அரைப்பரீட்சைக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு அவள் அம்மாவிடம் இருந்து இன்லேண்டு வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'லீவுக்கு ஊருக்கு வராதே. உன்னை மாமனுக்குப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். விடுதியிலேயே இருந்துகொள்' என்று இருந்தது. வார்டன் அம்மாவிடம் காட்டினேன். "பரீட்சை நேரத்துல கொடுத்தா பிள்ளை எழுதாது. முடியட்டும், கொடுப்போம்" என்றார்கள். எனக்கும் சரியாகப் பட்டது. டிராயரில் வைத்தேன். பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். கடிதம் டிராயரில் இருந்தது.

ஜனவரியில் அவள் வரவில்லை. பதின்மூன்று வயசு.

எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் "டீச்சர்" என்று வந்து கையைப் பிடித்தாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மா எழுதினாளா?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவும் சேர்ந்துதான் தன்னைத் தள்ளிவிட்டாள் என்று அவ்வளவு காலம் நினைத்திருக்கிறாள். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். வழக்கைத் தொடுத்தபோது புட்டசாமி எண்பது தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதியாக இருந்தார். பேப்பரில் வாசித்தபோது இதெல்லாம் டெல்லி விஷயம் என்று பக்கத்தைத் திருப்பினவள் நான். பழைய தந்திச் சட்டத்துக்கும் தபால் சட்டத்துக்கும் பதிலாக 2023இல் புதுச் சட்டங்கள் கொண்டுவந்தார்கள். நிறுத்துவதும் பிரித்துப் பார்ப்பதும் புதுச் சட்டங்களிலும் இருக்கிறது.

இப்போது நம் விஷயத்தை நாமே கார்டில் எழுதித் தெருவில் போடுகிறோம். பேத்தி போன மாதம் என் போனில் எதையோ இறக்கிக் கொடுத்தாள். படம், தொடர்பு எண்கள், நான் இருக்கிற இடம் எல்லாவற்றுக்கும் சம்மதமா என்று கேட்டது. வாசிக்காமலே அமுக்கினேன். "ஆச்சி, எங்களை மட்டும் கேள்வியை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுவீங்க" என்றாள்.

1987 படத்தில் 41 பேர். போடுவதற்கு முன்னால் நான் யாரையும் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 26 பேர் சரி சொல்லியிருக்கிறீர்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், மூன்று பேர் இறந்துவிட்டார்கள், மற்றவர்களின் நம்பர் என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் நம்பரை இங்கே எல்லோரும் பார்க்கப் போடாதீர்கள். அவர்களிடம் என் நம்பரைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை தூங்குவேன், அதற்குப் பிறகு எப்போதும் எடுப்பேன்.