ஒரே மாத்திரை, வேறு வேறு உடல்கள்

தோழர்களே, நெல்லிவாசல்நாட்டு மலையில் நின்றுகொண்டு சென்னைச் சேத்துப்பட்டின் வரலாறு ஒன்றைப் பேச விரும்புகிறேன்.

1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வந்தவர்கள் நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். சானடோரியக் கட்டிலும் சத்தான சாப்பாடும் இல்லாமல், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்பதை 1959இல் வெளியான ஆய்வின் வழியே அவர்களே உலகுக்குக் காட்டினார்கள்.

அடுத்தடுத்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஐசோனியசிட் மருந்தைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி மாற்றிச் செயலிழக்கச் செய்கிறது. சிலருக்கு வேகமாக, சிலருக்கு மெதுவாக. தென்னிந்தியரில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மெதுவானவர்கள். ஜப்பானியரில் பத்தில் ஒருவர்தான். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தபோது வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்கோ கைகால் மரத்துப்போகும் ஆபத்து அதிகம். பி6 வைட்டமின் அதைத் தடுத்தது.

இது சாதிப் படிநிலை அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. பிறப்பைச் சொல்லி மனிதரைத் தரம் பிரித்த நாட்டில், வேறுபாடு என்பது தாழ்வு அல்ல, கூடுதல் கவனத்துக்கான காரணம் என்பதை ஏழைகளின் இரத்தமும் சளியும் சொல்லிக் கொடுத்தன. பெயர் தெரியாத அவர்களுக்கு நாம் பட்ட கடன், இந்த மலையின் கடைசி வீட்டுக்கும் சரியான மருந்து சரியான அளவில் போய்ச் சேரும்போதுதான் தீரும்.