கேபிள், வைஃபை ரெண்டும் போட்டா டபுள் ஸ்பீடா? லினக்ஸ் லேப்டாப்பில் நடப்பது என்ன?

பவுர்ணமி இரவில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் செல்போன் நெட்டை மட்டும் நம்பி வேலை பார்ப்பது கஷ்டம். ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையே 14 கி.மீ. கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. நடந்து வரும் லட்சக்கணக்கானோரின் போன்களும் அதே டவர்களைத்தான் பிடிக்கின்றன. அங்கே தங்கி வேலை செய்பவர் லேப்டாப்பில் பிராட்பேண்ட் கேபிளைச் செருகிவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டையும் இணைத்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனால் வேகம் இரட்டிப்பாகாது.

லினக்ஸ் லேப்டாப், இணையத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வழியைத்தான் முதன்மையாக எடுக்கும். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இதைப் பார்த்துக்கொள்வது நெட்வொர்க் மேனேஜர். இது ஒவ்வொரு இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்ற எண்ணைக் கொடுக்கும். கேபிளுக்கு வழக்கமாக 100, வைஃபைக்கு 600. எண் குறைவாக இருப்பதற்கே முன்னுரிமை. அதனால் கேபிள் ஜெயிக்கும், வைஃபை சும்மா காத்திருக்கும்.

கேபிளைப் பிடுங்கினால் லேப்டாப் தானாக வைஃபைக்கு மாறிவிடும். சிக்கல் வேறு இடத்தில். ரவுட்டரில் விளக்கு எரியும், வெளியே லைன் அறுந்திருக்கும். கேபிள் செருகித்தானே இருக்கிறது என்று லேப்டாப் அதிலேயே முயன்றுகொண்டிருக்கும். உபுண்டு போன்றவை நெட் வருகிறதா என அவ்வப்போது சோதித்து, வராத இணைப்பின் எண்ணோடு 20000 சேர்த்துப் பின்னுக்குத் தள்ளும். ஆனால் அது உடனே நடக்கும் என்று சொல்ல முடியாது. அவசரம் என்றால் கேபிளைக் கழற்றுவதே சுருக்கமான வழி. வீடியோ கால் ஒருமுறை அறுந்துதான் வரும்.

வைஃபைதான் முதலில் வேண்டுமா? டெர்மினலில் 'என்எம்சிஎல்ஐ' கட்டளை மூலம் அதன் மெட்ரிக்கை 50 ஆக்கி, இணைப்பை மறுபடி ஆன் செய்தால் போதும். ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் குழம்புபவர்கள் உண்டு.

ரெண்டையும் நிஜமாகவே சேர்த்துப் பயன்படுத்தும் இடமும் இருக்கிறது. லாட்ஜ் ரிசப்ஷனில் சிசிடிவி ரெக்கார்டர் நெட் இல்லாத ரவுட்டரில் கேபிள் வழியாக இருக்கும்; இணையம் வைஃபையில் வரும். கேபிள் இணைப்பின் ஐபிவி4 அமைப்பில், 'இந்த நெட்வொர்க்கில் உள்ளவற்றுக்கு மட்டும்' என்ற பொருளில் வரும் பெட்டியை டிக் செய்தால் கேமராவும் தெரியும், நெட்டும் ஓடும். இரண்டு ரவுட்டரும் 192.168.1 என்றே முகவரி கொடுத்தால் மட்டும் குழப்பம். ஒன்றை 192.168.5 என மாற்றிவிடுங்கள்.

போனை யுஎஸ்பி வயரில் இணைத்தால் லினக்ஸ் அதையும் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வைஃபை இருந்தும் மொபைல் டேட்டா கரைந்தால் முதலில் அதைப் பாருங்கள்.